போவன்பள்ளியில் ஒழுக்கைத் தேடி

செகந்தராபாத்திலிருந்து வடதிசை நோக்கிச் செல்லும் நாகபுரிச் சாலையில், பாரடைஸ் சந்திப்பைக் கடந்து சிறிது தூரம் சென்றால் தாட்பந்து என்னும் இடம் வரும். அங்குள்ள ஆஞ்சநேயர் கோயில் இவ்வூரில் பெயர் பெற்றது. புதிதாக வண்டி வாங்குவோர் பலர் முதற் பூசையை அந்தச் சந்நிதியில்தான் போடுவார்கள். அதற்கு அப்பால் சாலையின் இரு மருங்கிலும் பரந்து கிடப்பதே போவன்பள்ளி. நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் 1806 ஆம் ஆண்டில் எழுந்த படைவீட்டு நகரத்தின் ஓரத்தில் இருப்பதால், இதன் பழந்தெருக்களில் இன்னும் அகன்ற வேப்பமரங்களையும் நீண்ட மதில்களையும் காணலாம். சென்னைப் படைப் பிரிவுகளோடு அக்காலத்தில் வந்து தங்கிய தமிழரின் சந்ததியார் இன்றும் இப்பகுதியில் வாழ்கிறார்கள். அவர்கள் பேசும் தமிழில் தெலுங்கும் உருதுவும் சர்க்கரைப் பொங்கலில் முந்திரி போலக் கலந்திருக்கும்.

போவன்பள்ளிக்குப் பெருமை தருவது அதன் காய்கறிச் சந்தை. டாக்டர் அம்பேத்கர் பெயரால் வழங்கும் அச்சந்தையில் விற்காமல் வீணாகும் காய்கறிக் கழிவில் நாள்தோறும் சுமார் 10 டன்னைச் சேர்த்து, அதிலிருந்து எரிவாயு எடுத்து, ஏறத்தாழ 500 யூனிட் மின்சாரம் உண்டாக்குகிறார்கள். 2021 ஜனவரியில் பிரதமர் தம் வானொலி உரையில் இதனைப் பாராட்டிக் குறிப்பிட்டார்.

ஆயினும் எங்களைப் போன்ற தமிழ்க் குடும்பத்தாருக்கு இவ்வூரின்மேல் உண்டான பற்றுக்குக் காரணம் வேறு. இதன் வழியே செல்லும் நெடுஞ்சாலைதான் அது. 2010 வரை 7 ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை என்று பெயர் பெற்று, இன்று 44 ஆம் எண் கொண்டு விளங்கும் அந்தச் சாலை காசுமீரத்தில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடிகிறது. இடையில் சேலத்தையும் நாமக்கல்லையும் கரூரையும் திண்டுக்கல்லையும் மதுரையையும் நெல்லையையும் தொட்டுச் செல்கிறது. சந்தைக்கு வரும் லாரிகளின் முகப்பில் 'டி.என். 28', 'டி.என். 34' என்ற எழுத்துக்களைக் காணும்போதெல்லாம், நாமக்கல்லிலிருந்தும் திருச்செங்கோட்டிலிருந்தும் உறவினர் யாரோ வந்திருப்பதுபோல் எங்கள் தாயார் நின்று பார்ப்பார்கள். "இந்தத் தெரு முனையில ஏறி நேராப் போனா நம்ம ஊரு தானே வந்திருமல்லோ?" என்று குழந்தைகளிடம் சொல்வார்கள். சுமார் 800 கிலோமீட்டர் என்பதை நாங்கள் எடுத்துச் சொன்னாலும் அவர்களுக்கு அது தெருமுனையாகவே இருந்தது.

கூண்டு வண்டி வந்த கதை

எங்கள் ஊர் பரமத்தி வேலூருக்கு அருகில், காவிரிக் கரையில் இருக்கிறது. தாயாருக்கு வயது 76. முதுகெலும்பு தேய்ந்தபின் நாலு மணி நேரம் தொடர்ந்து உட்கார இயலவில்லை. ரயிலில் மேலும் கீழும் ஏறி இறங்குவதும், நள்ளிரவில் சேலத்தில் இறங்கி வேறு வண்டி தேடுவதும் அவர்களுக்கு ஆகாதவை. மூன்று ஆண்டுகளாக ஊர் காணாத அவர்கள், ஆடிப் பதினெட்டன்று காவிரியில் ஒரு முறை கால் நனைக்க வேண்டும் என்று மட்டுமே கேட்டார்கள்.

அதற்காகவே ஒரு பழைய கூண்டு வண்டியை வாங்கினோம். மாட்டு வண்டி அன்று. சிறிய சரக்கு லாரியின் முதுகில் ஏற்றி வைத்த மரவீடு. ஆங்கிலத்தில் காம்பர் என்பார்கள். மரச்சட்டங்களின் மேல் உட்புறம் ஒட்டுப்பலகையும் வெளிப்புறம் அலுமினியத் தகடும் அடித்திருக்கும். ஓட்டுநர் தலைக்கு மேலே முன்னோக்கி நீண்டிருக்கும் பரணில் குழந்தைகள் படுக்கலாம். நடுவில், ஜன்னலை ஒட்டி, ஒருவர் காலை நீட்டிப் படுக்கும் பலகை. பின்புறம் ஒற்றை அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும். முன்பு வைத்திருந்தவர் பதினைந்து ஆண்டுகள் ஓட்டியபின் விற்றார்.

அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டீன்பெக் 1960 ஆம் ஆண்டில் இத்தகைய வண்டியொன்றைச் செய்வித்து, தம் நாயைத் துணைக்கொண்டு தம் நாடு முழுவதையும் சுற்றி வந்தார். டான் குயிக்ஸோட்டின் குதிரைக்குரிய ரோசினாந்தே என்ற பெயரையே அதற்கு வைத்தார். அவ்வண்டியை இன்றும் கலிபோர்னியாவின் சலினாஸ் நகரக் காட்சிச்சாலையில் பேணி வைத்திருக்கிறார்கள். எங்களுக்குத் தேசம் சுற்றும் நோக்கம் இல்லை; தாயார் படுத்தபடியே ஊர் போய்ச் சேர்ந்தால் போதும் என்பதே எங்கள் எண்ணம்.

முதல் மழையும் முதல் தவறும்

ஆனி மாதக் கடைசியில் தக்காணத்து மழை பிடித்துக்கொண்டது. அப்பொழுதுதான் தாயாரின் தலைமாட்டில், ஜன்னலுக்கு மேலே, காப்பி சிந்தியதுபோல் ஒரு கறை தோன்றியது. இரண்டாம் மழையில் அது உள்ளங்கை அளவாயிற்று. ஜன்னலுக்கு அருகில் ஈரம் இருந்தால் ஜன்னல்தான் ஒழுகுகிறது என்று நினைப்பது இயல்பு அன்றோ? நாங்களும் அவ்வாறே நினைத்தோம். கடைத்தெருவில் சிலிக்கோன் பசை ஒரு குழாய் வாங்கி வந்து, ஜன்னற் சட்டத்தைச் சுற்றி நான்கு பக்கமும் இடைவெளி இன்றிப் பூசினோம். மறுநாள் மழையில் ஈரம் அதிகமாயிற்று. இன்னொரு குழாய் வாங்கி முன்பு பூசியதன்மேலேயே மறுபடியும் பூசினோம். மூன்றாம் முறை உட்புறத்திலும் பூசினோம்.

நாங்கள் செய்தது எத்துணைப் பெரிய பிழை என்பதைப் பின்னர் அறிந்தோம். இத்தகைய ஜன்னற் சட்டத்தின் அடிப்பக்கத்தில் சிறு துளைகள் இருக்கும். கண்ணாடியின் வழியே கசிந்து தவாளிப்பில் சேரும் நீர் அத்துளைகளின் வழியேதான் வெளியேற வேண்டும். நாங்கள் அழுக்கு என்றெண்ணி அவற்றையே அடைத்துவிட்டோம். அதனால் வெளியே போக வேண்டிய நீர் சுவருக்குள்ளே புகுந்தது. மேலும், பழைய சிலிக்கோனின் மீது புதிய சிலிக்கோன் ஒட்டுவதில்லை. உட்புறம் பூசுவதோ ஒழுக்கை நிறுத்தாமல், நீரை மரத்துக்குள் சிறை வைக்கிறது.

பட்டறைப் பெரியவர்

சந்தைக்குப் பின்னால் ஒரு டிங்கரிங் பட்டறை உண்டு. லாரிக் கூண்டுகளுக்குத் தகடு அடிப்பது அங்கே தொழில். அதன் தலைவரை எல்லாரும் 'உஸ்தாத்' என்றே அழைக்கிறார்கள். அவர் தமிழர், பாட்டனார் காலத்தில் வந்த குடும்பம். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கையிலிருந்த சிறு சுத்தியலின் பிடியால் சுவரை ஆங்காங்கே தட்டிப் பார்த்தார். நல்ல பலகை 'டணார்' என்றும் நைந்த பலகை 'பொத்' என்றும் ஒலித்தது.

"தம்பி, தண்ணி சொட்டுற எடத்துல ஓட்டை இருக்காது. சொட்டுற எடம் அது வந்து சேர்ந்த ஸ்டேஷன். ஏறின ஸ்டேஷன் எங்கேன்னு பார்க்கணும்" என்றார்.

முதலில் அவர் வகை பிரித்தார். கூண்டு வண்டியில் காணும் ஈரம் மூன்று வழிகளில் வரலாம்: மழை நீர், தொட்டி, குழாய் இவற்றின் கசிவு, சமையல் ஆவியும் மூச்சுக்காற்றும் குளிர்ந்த தகட்டிற் பட்டுத் துளிப்பது. தொட்டியை நிறைத்து, பம்பை இயக்கி, குழாய்களையெல்லாம் மூடிவிட்டுக் காத்திருந்தோம். குழாயில் கசிவு இருந்தால், யாரும் தண்ணீர் பிடிக்காதபோதே பம்பு அவ்வப்போது தானாக இயங்கும். ஒரு மணி நேரம் அது சத்தமின்றி இருந்தது. ஆவி துளித்தால் வியர்வைபோல் பரவலாக இருக்கும். எங்கள் கறையோ ஓரிடத்தில் கோடாக இறங்கியிருந்தது. ஆகவே மழைதான் காரணம் என்று உறுதியாயிற்று.

பிறகு ரப்பர்க் குழாயால் நீர் பாய்ச்சிச் சோதித்தோம். இதற்கு ஒரு முறை உண்டு. எடுத்தவுடன் கூரைமேல் ஊற்றினால் நீர் எல்லா இடங்களிலும் வழிந்து எதையும் அறியவிடாது. அடியிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு மூட்டிலும் பத்து நிமிடம் நின்று, மெல்ல மேலே ஏற வேண்டும். ஒருவர் உள்ளே விளக்குடன் இருக்க வேண்டும். பகல் முழுவதும் அவ்வாறு செய்தோம். ஒரு சொட்டும் விழவில்லை! சுவருக்குள் தேங்கியது நீங்கலாக வேறு ஒழுக்கே இல்லை என்று நாங்கள் மகிழ்ந்தோம். ஜன்னலின் அடித்துளைகளை மட்டும் திறந்துவிட்டு வீடு திரும்பினோம்.

தாயாரின் டம்ளர்

அன்றிரவும் மழை. விடியற்காலையில், எங்கள் வாசலில் நின்ற வண்டிக்குள் சென்று பார்த்தபோது, தாயாரின் படுக்கைப் பலகைக்கு அடியில் ஓர் எவர்சில்வர் டம்ளர் துணியில் சுற்றி வைத்திருந்தது கண்டோம். அதன் அருகே பிழிந்து உலர்த்திய பழைய சேலைத் துண்டும் இருந்தது. விசாரித்தபோது தாயார் முதலில் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்கள்.

ஒழுக்கைப் பற்றி எங்களுக்கு முன்பே அவர்களுக்குத் தெரியும். வண்டி வந்த இரண்டாம் வாரத்தில், ஓட்டிப் பழகிய நாட்களில், மழையில் அதற்குள் பகல் தூக்கம் தூங்கும்போதே சொட்டியிருக்கிறது. சொன்னால் வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம், ஆடிப் பயணம் நின்றுவிடும் என்று அஞ்சி, சொட்டுக்கு நேரே டம்ளரை வைத்துக்கொண்டு, அது நிறைவதற்குள் வெளியே ஊற்றிவந்திருக்கிறார்கள். மழை இரவுகளில் எழுந்து வந்து பார்த்ததும் உண்டு.

"ஏஞ்சாமி, உங்களுக்கு எத்தனை வேலை. இதையும் சொல்லி என்னத்துக்கு" என்றார்கள். நாங்கள் தலை குனிந்து நின்றோம்.

அவர்கள் மேலும் சொன்ன ஒரு செய்திதான் எங்கள் கண்ணைத் திறந்தது. "மழை பேயறப்ப சொட்டறதில்லை. விட்டு ஒரு நாழி கழிச்சுத்தான் சொட்டும். அதுவும் நம்ம வாசல்ல, மூக்கு மேட்டுப் பக்கமா நிக்கறப்பத்தான். நீ திருப்பி நிறுத்தின அன்னிக்கெல்லாம் ஒரு சொட்டுங் கூட இல்லை."

எங்கள் தெரு சரிவில் அமைந்தது; பட்டறையோ சமதரை. இதைக் கேட்ட உஸ்தாத் தொடையில் தட்டிச் சிரித்தார். "அம்மா எனக்கு உஸ்தாத்!" என்றார். மழை நின்று நேரம் கழித்துச் சொட்டுகிறது என்றால் நீர் நெடுந்தூரம் நடந்து வருகிறது என்று பொருள். மூக்கு உயர்ந்தால்தான் சொட்டுகிறது என்றால் அது முன்னிருந்து பின்னே வருகிறது என்று பொருள்.

முன் சக்கரங்களின் அடியில் கனத்த பலகைகள் வைத்து வண்டியின் முகத்தை உயர்த்தினார்கள். மறுபடியும் அடியிலிருந்து நீர் பாய்ச்சினோம். ஜன்னல், பக்கவாட்டுப் பட்டை, கூரைக் காற்றுவழி ஆகிய எதிலும் ஒன்றுமில்லை. பரணின் நெற்றியில் இருக்கும் சிறு எல்லை விளக்குகளில் நீர் பட்டது. முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு, பத்தடி பின்னால், தாயாரின் தலைமாட்டில் முதற் சொட்டு விழுந்தது.

இதை உறுதிசெய்ய உஸ்தாத் கையாண்ட உபாயம் அழகானது. பஞ்சர் கடைக்காரர் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்திக் குமிழி பார்ப்பதை நாம் அறிவோம். அதுபோல, கூண்டின் கதவையும் காற்றுவழிகளையும் மூடி, ஒரு ஜன்னலில் அட்டை வைத்து, பட்டறை ஊதுலையின் விசிறியால் உள்ளே மெல்லிய காற்றைச் செலுத்தினார். கம்பிரசர்க் காற்றை விடலாகாது, தகடே பிய்ந்துவிடும். பிறகு வெளியே சோப்பு நீரைத் தூரிகையால் தடவினார். இடப்பக்க எல்லை விளக்கின் அடியிலிருந்து நுரை பூத்தது. மூலைப் பட்டையில் இரண்டு திருகாணிகளும் குமிழியிட்டன.

மரம் சொன்ன செய்தி

விளக்கைக் கழற்றினோம். எஃகுத் திருகாணி அலுமினியத் தகட்டோடு சேர்ந்து ஈரத்தில் இருந்தால் தகடு அரிக்கப்படும், துளை பெரிதாகியிருந்தது. ஐதராபாத்தின் கோடையும் தன் பங்கைச் செய்திருந்தது. நான்கு மீட்டர் நீளமுள்ள அலுமினியத் தகடு 40 டிகிரி வெப்ப வேறுபாட்டில் ஏறத்தாழ மூன்றரை மில்லிமீட்டர் நீளும். இரவில் அது சுருங்கும். மரம் அவ்வாறு நீளுவதில்லை. ஆண்டுக்கணக்கில் இந்த இழுபறி நடந்தால் காய்ந்துபோன பட்டி வெடிக்காமல் என்ன செய்யும்?

புகுந்த நீரில் ஒரு பகுதி, விளக்கின் மின்கம்பியைப் பற்றிக்கொண்டு, கூரையின் ஓரச்சட்டத்தின் வழியே பின்னால் நடந்து ஜன்னலுக்கு மேல் இறங்கியிருக்கிறது. மற்றொரு பகுதி எங்கே போயிற்று?

பரணின் உட்பலகையை உஸ்தாத் பெயர்த்தார். கையை விட்டு ஒரு பிடி எடுத்து எங்கள் முன் நீட்டினார். அது மரமாக இல்லை. ஊறிய தவிடுபோல் விரல்களுக்கிடையே உதிர்ந்தது. பரணைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தில் முக்காற் பங்கு அப்படி ஆகியிருந்தது. மரத்தில் 20 சதவீதத்துக்கு மேல் ஈரம் நிலைத்து நின்றால் பூஞ்சை பற்றித் தின்னத் தொடங்கும். வண்டி சமமாகவோ இறங்குமுகமாகவோ நின்ற இரவுகளில் ஒழுகவில்லை என்று மகிழ்ந்தோமே, அந்த இரவுகளிலெல்லாம் நீர் முழுவதும் முன்னே சென்று அந்தச் சட்டத்தைத்தான் நனைத்திருக்கிறது. அதன்மேல்தான் எங்கள் குழந்தைகள் இருவரும் படுத்து வர இருந்தார்கள். நெடுஞ்சாலைப் பள்ளம் ஒன்றில் வண்டி குலுங்கினால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை எண்ணி அன்றிரவு எங்களுக்கு உறக்கம் வரவில்லை.

செப்பம் செய்த முறை

ஆடிப் பதினெட்டுக்குப் பதினெட்டு நாட்களே இருந்தன. அவசரப்பட்டுப் பூசி அனுப்பும்படி நாங்கள் கேட்டோம். உஸ்தாத் இணங்கவில்லை. "ஈரத்தை உள்ளே வெச்சுப் பூட்டினா, அது உள்ளேயே இருந்து தின்னும். காயட்டும். அம்மா போவாங்க, பர்வாலேது" என்றார்.

நைந்த மரம் முழுவதையும் வெட்டி நீக்கி, நல்ல மரம் தட்டுப்படும் வரை சென்றார். எஞ்சியதை ஒன்பது நாள் விசிறியின் முன் உலரவிட்டு, ஈரமானியில் பார்த்த பிறகே தேக்குச் சட்டம் பொருத்தினார். மூலைப் பட்டைகளைக் கழற்றிப் பழைய பசையை ஒரு துளியும் விடாமல் சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைத்தார். பட்டையின் கீழே பியூட்டைல் ரப்பர் நாடாவை வைத்தார். அது இறுகிக் காயாமல் என்றும் இளகிய தன்மையோடு இருப்பதால் தகட்டின் அசைவுக்கு ஈடுகொடுக்கும். துருவேறாத எஃகுத் திருகாணிகளை ரப்பர் வாஷரோடு முடுக்கினார். மேல் விளிம்புகளுக்கும் பக்கங்களுக்கும் பாலியூரிதேன் பசை இட்டார். கீழ் விளிம்பை மட்டும் வேண்டுமென்றே திறந்து விட்டார். தப்பித் தவறி உள்ளே வந்த நீர் வெளியேற வழி வேண்டும் என்பது அவர் கொள்கை. எல்லை விளக்கின் கம்பி சுவருக்குள் நுழையும் முன் கீழ்நோக்கி ஒரு வளைவு வைத்தார். கம்பியைப் பற்றி வரும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

ஆடிப் பதினெட்டு

ஆடி பதினாறாம் நாள் விடியலில் தாட்பந்து ஆஞ்சநேயருக்குத் தேங்காய் உடைத்துப் புறப்பட்டோம். கர்நூலைத் தாண்டியபின் இரவில் பெருமழை பிடித்தது. சாலையோர உணவு விடுதியின் வெளியே, வேண்டுமென்றே மூக்கை மேட்டில் வைத்து வண்டியை நிறுத்தினோம். தாயார் டம்ளரைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டே படுத்தார்கள். மழை விட்டு ஒரு மணி, இரண்டு மணி ஆயிற்று. விளக்கைப் போட்டுப் பார்த்தபோது டம்ளர் உலர்ந்திருந்தது. தாயார் ஆழ்ந்து உறங்கிக்கொண்டிருந்தார்கள். பரணில் குழந்தைகளும் அப்படியே.

நாமக்கல்லில், கூரையில்லாமல் வெட்டவெளியில் பதினெட்டு அடி உயரம் நிற்கும் ஆஞ்சநேயரைத் தரிசித்தோம். "இவருக்குக் கூரையே வேண்டாம். நமக்குத்தான் இத்தனை பாடு" என்று தாயார் குழந்தைகளிடம் சொல்லிச் சிரித்தார்கள். மறுநாள் வேலூர்க் காவிரியில், இரு பேரப்பிள்ளைகளின் தோளைப் பற்றிக்கொண்டு, முழங்கால் நீரில் நின்று மஞ்சளும் பூவும் விட்டார்கள். பெருகி ஓடிய புது நீரை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பழைய வண்டியோ, பழைய ஓட்டு வீடோ, தகரக் கூரைப் பந்தலோ வைத்திருக்கும் அன்பர்களுக்கு எங்கள் அநுபவத்திலிருந்து சில சொல்வோம். மழைக்கு முன், கோடையிலேயே மூட்டுகளைப் பாருங்கள். ஈரம் கண்டால், என்று, எப்போது, எந்தப் பக்கம் சாய்ந்து நின்றபோது என்பதைச் சாக்பீஸால் அங்கேயே குறித்து வையுங்கள். பசைக் குழாயைக் கையில் எடுக்குமுன் மேலும் முன்னும் தேடுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நம்மைத் தொந்தரவு செய்யக் கூடாதென்று அவர்கள் சொல்லாமல் வைத்திருப்பது ஏதேனும் இருக்கும்.

அந்த எவர்சில்வர் டம்ளர் இப்பொழுதும் கூண்டு வண்டியில்தான் இருக்கிறது. தாயார் அதில் காப்பி குடிக்கிறார்கள்.